மலேரியாத் தடுப்பு: மைசூர் கற்பித்த பாடங்கள்

காவிரி இரு கிளையாகப் பிரிந்து ஒரு தீவை அணைத்துக்கொண்டு செல்லுமிடத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு யாத்திரை செல்வோருள் பலர் அங்கே இறங்கி, ஆதிரங்கத்துப் பெருமானைச் சேவித்து, திப்பு சுல்தானின் கோட்டையையும் மாளிகையையும் பார்த்த பின்னரே மேலே செல்வர். சுற்றிலும் நெல்லும் கரும்பும் செழித்து நிற்கும். ஆற்றங்கரைக் காற்று இனிதாய் வீசும். இத்தகைய இடத்தில் வாழ்வோர்க்கு என்ன குறை இருக்க முடியும் என்றே நமக்குத் தோன்றும்.

ஆனால் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. 1799-ஆம் ஆண்டில் அக்கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர், தம் சேனையின் ஒரு பகுதியை அங்கேயே நிறுத்தினர். பீரங்கிக் குண்டுகளுக்கு அஞ்சாத அச்சேனையைக் குளிர்காய்ச்சல் வாட்டிற்று. சிப்பாய்களும் அதிகாரிகளும் மீண்டும் மீண்டும் நோயில் வீழ்ந்தனர். முடிவில் 1809-ஆம் ஆண்டில் படைத்தளத்தைப் பெங்களூருக்கு மாற்ற நேர்ந்தது. இன்று பெருநகராய் விளங்கும் பெங்களூரின் வளர்ச்சிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது.

ஊரைவிட்டு வேறிடம் செல்வது சேனைக்கு எளிது. நிலத்தை உழுது பயிரிட்டு வாழும் குடியானவன் எங்கே செல்வான்? அவன் இருக்குமிடத்திலேயே இருந்துகொண்டு இந்நோயை எவ்வாறு தடுப்பது? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியில் மைசூர் நாடு ஏறத்தாழ நூறாண்டுகளாக ஈடுபட்டு வந்திருக்கிறது. அதன் அனுபவத்தில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டிலிருந்தும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

‘மலேரியா’ என்பது இத்தாலிய மொழியிலிருந்து வந்த சொல். ‘கெட்ட காற்று’ என்பது அதன் பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே காய்ச்சலைக் கொணர்கிறது என்று மேனாட்டார் நெடுங்காலம் நம்பினர். நம் நாட்டிலும் நீரும் நிலமும் ஒத்துக்கொள்ளாமையே குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என்று கூறுவது வழக்கம். 1880-ஆம் ஆண்டில் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், அல்ஜீரியாவில் பணியாற்றுகையில், நோயாளிகளின் இரத்தத்தில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்ணுயிரைக் கண்டார். நோயின் காரணம் வெளிப்பட்டது. ஆயினும் அந்நுண்ணுயிர் ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது விளங்கவில்லை.

அதை விளக்கியவர் இந்தியாவில் இராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ். அவருடைய ஆராய்ச்சி வரலாற்றில் மைசூர்ப் பக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1895-ஆம் ஆண்டில் அவர் காலராத் தடுப்புப் பணிக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். 1897-ஆம் ஆண்டில் விடுப்பில் உதகமண்டலம் சென்றவர், அங்கிருந்து மைசூரை நோக்கி இறங்கும் சீகூர்ச் சரிவில் காய்ச்சல் மிகுதி என்று கேள்வியுற்று ஆராயச் சென்றார். ஆராயச் சென்றவரையே மலேரியா பற்றிக்கொண்டது! அதே ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா நுண்ணுயிர் வளர்ந்திருப்பதை அவர் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு சோதனைகள் நடத்தி, கொசுக் கடியாலேயே நோய் பரவுகிறது என்பதை ஐயமற நிறுவினார். 1902-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

இந்நோய் பரவும் வழியை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். தடுப்பு முறைகள் யாவும் அதனையே அடிப்படையாகக் கொண்டவை. மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த பெண் கொசு. அது நோயாளியைக் கடிக்கும்போது, இரத்தத்தோடு நுண்ணுயிரும் அதன் வயிற்றுக்குள் செல்கிறது. நுண்ணுயிர் அங்கே வளர்ந்து, பெருகி, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் வரை ஆகும். அதுவரை கொசு உயிரோடிருந்தால்தான் அதன் கடியால் பிறருக்கு நோய் வரும். இனி, கொசு பிறப்பது நீரில். முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறப்பதற்கு நம் நாட்டு வெப்பத்தில் 8 முதல் 12 நாட்கள் போதும்.

ஆகவே இச்சங்கிலியை நான்கு இடங்களில் அறுக்கலாம். கொசு நீரில் புழுவாக இருக்கும்போதே அழிக்கலாம். பறக்கத் தொடங்கிய பின், நுண்ணுயிர் முற்றுவதற்குள் அதைக் கொல்லலாம். அது மனிதனைக் கடிக்காதபடி தடுக்கலாம். நோயாளியை விரைவில் குணப்படுத்தி, கொசுவுக்கு நுண்ணுயிர் கிடைக்காதபடி செய்யலாம். நோயாளி இல்லாத ஊரில் அனாபிலிஸ் கொசுவின் கடி வெறும் கடியேயாகும். கொசு இல்லாத ஊரில் நோயாளியால் அயலார்க்குத் தீங்கு நேர்வதில்லை. இவ்வளவும் அறிந்த பின் வேலை எளிது என்றே எண்ணத் தோன்றும். ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது.

அனாபிலிஸ் இனத்தில் நம் நாட்டில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் நோயைப் பரப்புபவை சிலவே. ஒவ்வொன்றும் முட்டையிட விரும்பும் நீர் வேறு, தங்குமிடம் வேறு, கடிக்கும் பழக்கமும் வேறு. பழைய மைசூர் நாட்டில் மூன்று வகைகள் முக்கியமானவை. முதலாவது, சமவெளியில் கால்வாய்களிலும், கிணறுகளிலும், ஆற்று மணற்குட்டைகளிலும், புதிதாய் நட்ட வயல்களிலும் பிறக்கும் க்யூலிசிபேசிஸ். இதனை நாட்டுப்புறக் கொசு எனலாம். இரண்டாவது, மலைநாட்டில் தெளிந்து ஓடும் சிற்றோடைகளில் பிறக்கும் ஃப்ளூவியாட்டிலிஸ். இது மலையோடைக் கொசு. மூன்றாவது, நகரங்களில் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பிறக்கும் ஸ்டீபன்சி; இது நகரக் கொசு. மலையோடைக் கொசுவுக்காகச் செய்யும் ஏற்பாடு நகரக் கொசுவிடம் பயன்படாது. எந்த ஊரில் எந்தக் கொசு என்று அறியாமல் செலவிடும் பணம் ஆற்றில் கரைத்த புளியாகும்.

இவ்வுண்மையை உணர்ந்த மைசூர் சமஸ்தானம், 1920-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையத்தின் துணையுடன் மலேரியா ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஸ்வீட் என்பவரும் ராவ் என்பவரும் 1937-ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். நகரக் கொசு என்று ஒரே பெயரால் வழங்கிய ஸ்டீபன்சி உண்மையில் ஒரே தன்மையுடையது அன்று என்பதை அவர்கள் அதன் முட்டைகளைக் கொண்டு கண்டனர். முட்டை நீரில் மிதப்பதற்கு உதவும் மிதவையின்மேல் வரிவரியாக மேடுகள் உண்டு. சில முட்டைகளில் அம்மேடுகள் மிகுதி, சிலவற்றில் குறைவு. குறைவான மேடுகளை உடைய பிரிவுக்கு அவர்கள் ‘மைசூரென்சிஸ்’ என்று பெயரிட்டனர். மைசூரின் பெயர் உலகக் கொசு நூல்களில் இவ்வாறு இடம்பெற்றது. இது வெறும் பெயர் சூட்டும் விளையாட்டன்று. நம் நாட்டில் நகரங்களில் நோயைப் பரப்புவது மேடுகள் மிகுந்த பிரிவே. மைசூரென்சிஸ் பெரும்பாலும் கிராமங்களில் மாட்டின் இரத்தத்தைக் குடித்து வாழ்கிறது. முட்டையை உருப்பெருக்கியில் பார்த்தே, அபாயமான கொசு எது, அல்லாதது எது என்று பிரித்தறிய வழி பிறந்தது.

இதே காலத்தில்தான் மைசூர் நாட்டின் நீர்வளமும் பெருகிற்று. விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது, 1911-ஆம் ஆண்டில், கண்ணம்பாடியில் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணைவேலை 1930-களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. அணையிலிருந்து புறப்பட்ட இர்வின் கால்வாய், பிற்காலத்தில் விசுவேசுவரய்யா கால்வாய் என்று பெயர் பெற்று, மண்டியாப் பகுதியின் மேட்டு நிலங்களை நன்செயாக்கிற்று. கேழ்வரகு விளைந்த இடங்களில் நெல்லும் கரும்பும் விளைந்தன. மண்டியாவில் சர்க்கரை ஆலையும் எழுந்தது. மக்கள் பல தலைமுறையாகக் கண்ட கனவு நனவாயிற்று.

நீரோடு காய்ச்சலும் வந்தது. கால்வாய்க் கசிவுகள், கரை போட மண் வெட்டிய பள்ளங்கள், வடிகால் இல்லாத தாழ்ந்த நிலங்கள் ஆகிய எல்லாவற்றிலும் நீர் தேங்கி, நாட்டுப்புறக் கொசு பெருகிற்று. முன்னர் அவ்வளவாக மலேரியா இல்லாத ஊர்களில் அது ஆண்டுதோறும் வரும் விருந்தாயிற்று. அக்காலத்தில் ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்பதை அறிய, குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவின்கீழ் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அடிக்கடி மலேரியா கண்ட குழந்தைக்கு மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். நூறு குழந்தைகளுள் எத்தனை பேருக்கு அவ்வாறு வீங்கியிருக்கிறது என்பதே ஊரின் நோய்க் கணக்கு. விளைந்த பயிரை அறுக்கவேண்டிய காலத்தில் குடும்பத்தினர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தால், கால்வாய் கொணர்ந்த செல்வத்தை அனுபவிப்பவர் யார்?

இதற்காகக் கால்வாயே வேண்டாம் என்று எவரும் கூறவில்லை, கூறவும் இயலாது. தீமை செய்தது ஓடிய நீரன்று, தேங்கிய நீரே என்பதை வல்லுநர் கண்டனர். கால்வாய்க்குக் காட்டும் அக்கறையை வடிகாலுக்கும் காட்டவேண்டும். மண் வெட்டிய பள்ளங்களைத் தூர்க்கவேண்டும். கரைகளில் வளரும் புல்லையும் பாசியையும் களையவேண்டும். இவை பொறியாளர் செய்ய வேண்டியவை. உழவர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அதைக் கண்டறிந்த இடம் நம் தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டை.

1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிறைவுற்று, பட்டுக்கோட்டைப் பகுதிக்குப் புதிய கால்வாய் நீர் வந்தபோது, மண்டியாவில் கண்டது போலவே அங்கும் மலேரியா தலைதூக்கிற்று. ராக்பெல்லர் அறநிலையத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்பவரும் அவருடைய துணைவரும் அங்கே தங்கி ஆராய்ந்தனர். வயலில் நாற்று நட்டு, பயிர் ஓரடி உயரம் வளரும் வரையில்தான் நாட்டுப்புறக் கொசு முட்டையிடுகிறது என்று அவர்கள் கண்டனர். அக்கொசு நீரின்மேல் தாழப் பறந்து ஆடிக்கொண்டே முட்டையிடும் இயல்புடையது. பயிர் உயர்ந்துவிட்டால் தாள்கள் குறுக்கிட்டு அதைத் தடுத்துவிடுகின்றன. எனவே முதற்சில வாரங்களே அபாயமானவை. அக்காலத்தில் சில நாள் நீர் பாய்ச்சிச் சில நாள் வயலைக் காயவிட்டால், புழுக்கள் கொசுவாக மாறுவதற்கு முன்பே மடிந்துபோகும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் உழவர் கூறும் முறையே இங்கே மருந்தாயிற்று. ஆனால் இது ஒருவர் வயலில் மட்டும் செய்து பயனில்லை. வாய்க்காலின் தலைமடை முதல் கடைமடை வரை யாவரும் முறைவைத்து ஒத்துழைத்தால்தான் பயன் தரும்.

கொசுப்புழுவை ஒழிக்க மைசூர் மேற்கொண்ட மற்றொரு முறை மீன் வளர்ப்பு. 1928-ஆம் ஆண்டில் பி.ஏ. ராவ் என்பவர் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்னும் சிறு மீனைப் பெங்களூருக்குக் கொணர்ந்தார். விரல் நீளமே உள்ள இம்மீன், மேற்பரப்பிலுள்ள கொசுப்புழுக்களை நாளொன்றுக்கு நூறு வரையிலும் அதற்கு மேலும் தின்னக்கூடியது. முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனுவதால் விரைவில் பெருகும். ஒரு கிணற்றில் விட்டால், அக்கிணறு வற்றாதவரை அதன் வேலை நடந்துகொண்டேயிருக்கும்.

கர்நாடகத்துக் கிராமங்களுக்கு மீன் வளர்ப்பு ஏற்றதாக அமைந்ததற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. மைசூர்ப் பட்டின் பெருமையை நாம் அறிவோம். அப்பட்டை நூற்கும் புழுக்கள் குடியானவர்களின் வீடுகளிலேயே தட்டுகளில் வளர்க்கப்படுகின்றன. கொசுவைக் கொல்லும் மருந்து பட்டுப்புழுவையும் கொன்றுவிடும். ஆகையால் மருந்தடிக்க வரும் பணியாளரைப் பட்டுக் கிராமத்தார் வாசலிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு நோயைத் தடுக்கச் சொன்னால் யார் கேட்பார்? 1990-களில் கோலார் மாவட்டத்தில் ஆராய்ச்சியாளர் இதற்கு ஒரு வழி கண்டனர். அவ்வூர்களில் கொசு பெரும்பாலும் கிணறுகளில் பிறப்பதை அறிந்து, கிணறுகளிலெல்லாம் கம்பூசியா மீனையும் கப்பி மீனையும் விட்டனர். நாட்டுப்புறக் கொசுவிலும் ஒன்றையொன்று ஒத்த உட்பிரிவுகள் உண்டு என்பதும், அவற்றுள் நோயைப் பரப்பும் பிரிவு கிணற்றை நாடுகிறது, அவ்வளவு தீங்கில்லாத பிரிவு ஓடையை நாடுகிறது என்பதும் அங்கே தெரியவந்தன. ஊரிலுள்ள எல்லா நீரையும் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. கிணற்றைக் காத்தாலே போதுமானது. அவ்வூர்களில் மலேரியா பெரிதும் குறைந்தது. 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ‘கலாஜாதா’ என்னும் நாட்டுப்புறக் கூத்தின் வாயிலாக இச்செய்தி மக்களுக்குப் பாட்டாகவும் நாடகமாகவும் எடுத்துரைக்கப்பட்டது.

மீனைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கம்பூசியா அயல்நாட்டு மீன். ஆறுகளிலும் ஏரிகளிலும் அதை விட்டால் நம் நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அது தின்றுவிடுகிறது. தவளைக் குஞ்சுகளையும் விடுவதில்லை. ஆதலால் அதைக் கிணறு, தொட்டி போன்ற அடைபட்ட நீரில் மட்டுமே, சுகாதாரத் துறையினரைக் கலந்தே விடவேண்டும். நன்மை கருதிச் செய்வதும் இடமறிந்து செய்தால்தான் நன்மையாகும்.

இனி, பறக்கும் கொசுவைக் கொல்லும் முறையைப் பார்ப்போம். இரத்தம் குடித்த கொசு, வயிற்றுப் பாரத்தால் வெகுதூரம் பறக்காமல், அருகிலுள்ள சுவரிலோ மாட்டுக்கொட்டிலிலோ அமர்ந்து இளைப்பாறும். அச்சுவரில் நெடுநாள் அழியாத நஞ்சைப் பூசிவைத்தால், அமர்ந்த கொசு இறந்துபோகும். டி.டி.டி. என்னும் மருந்து அத்தகையது. அது பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலை 1939-ஆம் ஆண்டில் பால் முல்லர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் கண்டார். 1945-46-ஆம் ஆண்டுகளில் அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த வடகன்னட, தார்வார் மாவட்டங்களில் டாக்டர் டி.கே. விசுவநாதன் இம்மருந்தைக் கிராமம் கிராமமாக அடித்து, வியக்கத்தக்க பலனைக் கண்டார். 1949-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் இந்தியாவில் மலேரியாத் தடுப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டபோது, மைசூரின் மலைநாடும் அவ்விடங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. காப்பித் தோட்டங்களும் காடுகளும் நிறைந்த அம்மலைநாட்டில் குடியேற அஞ்சிய மக்கள் மெல்ல மெல்ல அச்சம் நீங்கினர்.

இவற்றின் வெற்றியைக் கண்டு 1953-ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடியே 50 லட்சம் மக்கள் மலேரியாவால் துன்புற்றனர். 8 லட்சம் பேர் இறந்தனர். 1958-ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒழிப்புத் திட்டமாக மாறிற்று. 1965-ஆம் ஆண்டில் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. மலேரியாவால் ஒருவரும் இறந்ததாகக் கணக்கில் இல்லை. மலேரியாவின் கதை முடிந்தது என்று பலரும் எண்ணினர்.

ஆனால் 1976-ஆம் ஆண்டில் நோயுற்றோர் தொகை மீண்டும் 64 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது! இதன் காரணங்களை நாம் மறத்தலாகாது. வெற்றி கண்டவுடன் விழிப்பு தளர்ந்தது. காய்ச்சல் கண்டவர்களைத் தேடி இரத்தம் சோதிக்கும் வேலை பல இடங்களில் பெயரளவில் நின்றது. மருந்து உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. கிராமங்களையே கருதிய திட்டத்தில் நகரங்கள் விடுபட்டன. நகரங்களுக்கென 1971-ஆம் ஆண்டில்தான் தனித்திட்டம் வந்தது. இவற்றோடு கொசுக்களும் மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டன. 1950-களின் நடுவிலேயே ஈரோடு நகரத்தில் ஸ்டீபன்சிக் கொசுவின் புழுக்கள் டி.டி.டி.க்கு மசியவில்லை என்று கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் நாட்டுப்புறக் கொசுவும் அவ்வாறே ஆயிற்று. ஒரே ஆயுதத்தை நம்பிப் போருக்குச் சென்றவன் நிலையை நாம் அடைந்தோம்.

எனவேதான் இன்று எல்லா முறைகளையும் இடத்துக்கேற்ப இணைத்துக் கையாளுகிறார்கள். மருந்து தோய்த்த கொசுவலைகள் வழங்கப்படுகின்றன. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. மலேரியாக் கொசுவோ அந்தி முதல் விடியல் வரை கடிப்பது. ஆதலால் இரவில் வலைக்குள் உறங்குபவர் பெரும்பகுதி அபாயத்திலிருந்து தப்புகிறார். வலை கிழியாதிருக்கவேண்டும், ஓரங்கள் பாயின் கீழோ மெத்தையின் கீழோ செருகப்பட்டிருக்கவேண்டும்.

நோயாளியைக் குணப்படுத்துவதும் தடுப்பு முறையே என்பதை முன்னரே கூறினோம். மைசூருக்கு அண்டையிலுள்ள நீலகிரியில் 1860-களில் சிங்கோனா மரங்கள் பயிரிடப்பட்டன. அவற்றின் பட்டையிலிருந்தே கொய்னா மருந்து எடுக்கப்பட்டது. இன்று அதனினும் சிறந்த மருந்துகள் உள்ளன. நம் நாட்டில் மலேரியா பெரும்பாலும் இருவகைப்படும். வைவாக்ஸ் என்னும் வகையில் நுண்ணுயிர் ஈரலில் ஒளிந்திருந்து, பல வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் வெளிப்படும். அதை ஒழிக்க, குளோரோகுயின் மருந்தோடு பிரிமாகுயின் மாத்திரையை 14 நாட்கள் உட்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளிலேயே காய்ச்சல் தணிந்துவிடுவதால் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அவர்களே அடுத்த பருவத்தில் கொசுவுக்கு நுண்ணுயிரை வழங்குகின்றனர். ஃபால்சிபாரம் என்னும் மற்றொரு வகை மூளையையும் தாக்கி உயிரைக் குடிக்கக்கூடியது. அதற்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து தரப்படுகிறது. எவ்வகை என்று அறிய இரத்தச் சோதனை இன்றியமையாதது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சில மருந்துகள் ஆகா. ஆதலால் தாமாகக் கடையில் வாங்கி விழுங்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சோதித்துக்கொள்வதே முறை.

மைசூர் நகரத்தைப் பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். காவிரி நீரை நகருக்குக் கொணரத் திவான் பூர்ணய்யா வெட்டிய கால்வாய் பயன் தராமற்போய், பின்னர் நகரின் நடுவே கழிவுநீர் தேங்கும் பள்ளமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரினூடே சென்ற அதன் பகுதி தூர்க்கப்பட்டது. 1903-ஆம் ஆண்டில் நகர அபிவிருத்திக்கென்றே தனி வாரியமும் ஏற்பட்டது. அகன்ற தெருக்களும் வடிகால்களும் கொண்ட இன்றைய மைசூரின் அழகுக்குப் பின்னே இத்தகைய சுகாதார வேலைகள் உள்ளன.

ஆயினும் நகரக் கொசுவுக்குக் கால்வாய் தேவையில்லை. மாடியில் மூடியில்லாத நீர்த்தொட்டி ஒன்று போதும். கட்டடம் கட்டுமிடத்தில் சுவருக்கு விடத் தேக்கிய நீரும், தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய நீரும் போதும். வேலைக்காக வெளியூர்களிலிருந்து வருவோருள் ஒருவர் உடலில் நுண்ணுயிர் இருந்தால் சங்கிலி பூர்த்தியாகிவிடுகிறது. 1990-களிலிருந்து மங்களூர் நகரம் இவ்வாறே துன்புற்றது. இதற்கு வந்த தொழிலாளரைப் பழிப்பது நியாயமன்று. அவர்களுக்கு வலையும் சோதனையும் மருந்தும் கிடைக்கச் செய்வதும், கட்டட நீரை வாரத்துக்கு ஒருமுறை வடியவிடுவதுமே வழி. கொசு வளர எட்டு நாட்களாவது வேண்டும் என்று முன்னர்க் கூறினோம் அல்லவா? வாரத்தில் ஒரு நாள் தொட்டிகளையும் பாத்திரங்களையும் கவிழ்த்துக் காயவைக்கும் வீட்டில் கொசு பிறக்க வழியில்லை. கவிழ்க்க இயலாத தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டுமுள்ள கவலையன்று. ஸ்டீபன்சிக் கொசு 2012-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டில் அங்கே மலேரியா கண்டவர் 27 பேர். 2020-ஆம் ஆண்டில் அத்தொகை 73,000-க்கு மேல் உயர்ந்தது. மைசூரில் முட்டையின் மேடுகளை எண்ணிப் பார்த்த அறிவு இன்று ஆப்பிரிக்க நகரங்களுக்கும் வேண்டியதாயிருக்கிறது.

அண்டையிலுள்ள இலங்கையின் வரலாறு நமக்கு நம்பிக்கையூட்டுவது. அங்கே ஆற்றில் நீர் வற்றிக் குட்டைகளாகத் தேங்கும்போதுதான் நாட்டுப்புறக் கொசு பெருகும். மண்டியாவில் நீர் வந்ததால் விளைந்த தீங்கு அங்கே நீர் குன்றியதால் விளைந்தது. 1963-ஆம் ஆண்டில் 17 பேருக்கே மலேரியா என்னும் நிலையை அந்நாடு எட்டியது; விழிப்பு தளரவே, சில ஆண்டுகளில் பல லட்சம் பேர் மீண்டும் நோயுற்றனர். ஆனால் அவர்கள் முயற்சியைக் கைவிடவில்லை. 2016-ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இந்தியாவும் 2030-ஆம் ஆண்டுக்குள் அந்நிலையை எய்துவதென்று உறுதி பூண்டுள்ளது. 2015-ஆம் ஆண்டில் 11 லட்சத்துக்கு மேலிருந்த நோயாளிகளின் பதிவு, 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 லட்சத்து 27 ஆயிரமாகக் குறைந்திருக்கிறது. இத்தகைய காலமே கவலையற்றிருக்கத் தோன்றும் காலம். நோய் மிகுந்திருக்கும்போது எச்சரிக்கை தானே வரும்; நோய் அருகிவிட்டபோது அதை நாமே வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி இன்றும் அதே காவிரி ஓடுகிறது; முன்னினும் மிகுதியான வயல்களுக்கு நீர் பாய்கிறது. அன்று சேனை அஞ்சி ஓடிய இடத்தில் இன்று மக்கள் அச்சமின்றி வாழ்கின்றனர். அவ்வூர் வயல்களில் வேலை செய்வோரின் குழந்தைகளுக்கு மண்ணீரல் வீக்கம் இன்னதென்று தெரியாது. அவர்கள் அதை என்றும் அறியாதிருக்கவேண்டுமாயின், நீரைக் கொணர்ந்த நாம் அந்நீர் தேங்காமலும் காக்கவேண்டும். காய்ச்சல் கண்டவரை அன்றே சோதிக்கவேண்டும். தொடங்கிய மருந்தை முடிக்கவேண்டும். இம்மூன்றும் நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளவை.